வாந்திபேதி: எதுவரை வீட்டில் பார்க்கலாம், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் உள்ள செருவத்தூரில், ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்ததில் ஷிகெல்லா என்னும் பாக்டீரியா தெரியவந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லிலும் அதே துயரம் நேர்ந்தது. 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதே உணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு முறையும் கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, ஊர் ஊராகச் சோதனை நடந்தது, செய்தித்தாள்கள் கெட்டுப்போன இறைச்சியின் படங்களைப் போட்டன. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. இவை எல்லாமே தேவையான நடவடிக்கைகள். ஆனால் இவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டால், எதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எந்த நேரத்தில் மருத்துவரிடம் போயாக வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அடுத்து வரப்போகும் ஆயிரக்கணக்கான இரவுகளில் மற்றக் குடும்பங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அசுத்தமான உணவால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள். அவர்களில் 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. நோய்வாய்ப்படுகிறவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. மிகப் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனாலும் மிச்சமிருக்கும் அந்தச் சிறு பங்கே நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. ஆகவே, ஒவ்வொரு வாந்திக்கும் பதறி ஓட வேண்டியதில்லை. எல்லா வாந்தியையும் ‘தானா சரியாகும்’ என்று விட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறியும் வழி, நாம் வழக்கமாகக் கேட்கும் ‘என்ன சாப்பிட்டே?’ என்ற கேள்வியில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. உடம்பில் தண்ணீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது, நோய் குடலைத் தாண்டிப் போய்விட்டதா, பாதிக்கப்பட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளில்தான் அது இருக்கிறது. இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்த வீடு சரியான நேரத்தில் சரியான முடிவை எடுக்கும்.

கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணமா?

முதலில், நாம் அதிகம் நம்பும் அந்தப் பழைய கேள்வி ஏன் போதாது என்று பார்ப்போம். வயிறு புரட்டியதும் மனம் கடைசியாகச் சாப்பிட்ட உணவின்மேல்தான் பழியைப் போடும். ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு காலக்கணக்கு உண்டு. சமைத்தவர் கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா, உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகிறது. அதைச் சாப்பிட்டால் அரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். வடித்த சோற்றை வெளியில் நெடுநேரம் வைத்திருந்தால் வளரும் பேசில்லஸ் செரியஸும் அப்படித்தான். இவை சுரக்கும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. அதனால் ‘நல்லாக் கொதிக்க வெச்சுத்தானே சாப்பிட்டோம்’ என்பது இங்கே செல்லாது. சால்மோனெல்லாவோ ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். கேம்பிலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து வெளிப்படும். டைபாய்டுக்கு வாரக்கணக்கு ஆகலாம். உணவாலும் நீராலும் பரவும் ஏ வகை மஞ்சள்காமாலை பதினைந்து நாளிலிருந்து ஐம்பது நாள் வரைகூடக் காத்திருந்து தலைகாட்டும். இன்று பேதிக்குக் காரணமான சாப்பாடு, மூன்று நாளைக்கு முன்பு போன கல்யாண விருந்தாகவும் இருக்கலாம்.

‘எல்லாரும் ஒரே சாப்பாட்டைத்தானே சாப்பிட்டோம், எனக்கு மட்டும் ஏன்?’ என்பதும் இதே வகையான தடுமாற்றம். ஒரே பாத்திரத்தில் இருந்தாலும் கிருமி எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. சாப்பிட்ட அளவும் ஆளுக்கு ஆள் வேறு. இரைப்பையில் சுரக்கும் அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் காவல். அதைக் குறைக்கும் ‘கேஸ்’ மாத்திரையை நாள்தோறும் போடுகிறவர்களுக்கு அந்தக் காவல் பலவீனமாகிவிடுகிறது. ஷிகெல்லா போன்ற சில கிருமிகள் வெறும் பத்து முதல் நூறு உயிரணுக்கள் உள்ளே போனாலே நோயை உண்டாக்கும். எனவே மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதை வைத்து ஒருவரின் நோயை லேசானது என்று முடிவு கட்ட முடியாது. என்ன சாப்பிட்டார் என்ற தகவல் மருத்துவருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் பின்னால் உதவும். இப்போது மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதை நோயாளியின் உடம்புதான் சொல்ல வேண்டும்.

உயிரைப் பறிப்பது நீரிழப்பு

நம் குடல் ஒரு நாளில் கையாளும் தண்ணீரின் அளவு பலருக்கும் வியப்பளிக்கும். குடிக்கும் நீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது லிட்டர் திரவம் தினமும் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். கிருமியோ அதன் நஞ்சோ குடல் சுவரைத் தாக்கும்போது இந்த உறிஞ்சுதல் குறைகிறது, சில நேரங்களில் உடம்பிலிருந்தே தண்ணீர் குடலுக்குள் கொட்டுகிறது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை வெளியேறிவிடும். தண்ணீரோடு சோடியமும் பொட்டாசியமும் போகின்றன. இரத்தத்தின் கன அளவு குறைந்து, அழுத்தம் தாழ்ந்து, சிறுநீரகம் வேலையை நிறுத்துகிறது. பேதியால் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் உயிரைப் பறிப்பது இந்த நீரிழப்புதான். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் தண்ணீரை இழந்தாலே அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மருத்துவர்கள் அதைக் கடுமையான நீரிழப்பு என்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள பெரியவருக்கு அதே ஒரு லிட்டர் ஒரு சோர்வோடு முடிந்துவிடும்.

அதனால்தான் ‘எத்தனை தடவை போச்சு?’ என்று எண்ணுவதைவிட ‘கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?’ என்று கேட்பது பயனுள்ளது. சிறுநீர்தான் வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் மிக நம்பகமான அளவுகோல். வழக்கம்போல வெளிர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தால், பத்து முறை பேதியானாலும் உள்ளே போகும் தண்ணீர் ஈடுகொடுக்கிறது. அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் எச்சரிக்கை. கைக்குழந்தை ஆறு மணி நேரமாகவும் பெரியவர் எட்டு மணி நேரமாகவும் சிறுநீரே கழிக்கவில்லை என்றால் இனி வீட்டில் காத்திருக்கக் கூடாது. இதனுடன் மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். நாக்கும் உதடும் வறண்டுபோவது, எழுந்து நின்றால் தலைசுற்றிக் கண் இருட்டுவது, கை கால் சில்லிடுவது, நாடி வேகமாக ஓடுவது ஆகியவை பெரியவர்களிடம் தெரியும். குழந்தை அழுதால் கண்ணீர் வராது, கண்கள் குழி விழும், கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வினாடிக்கு மேலாகியும் மடிந்தே நின்றால் நீரிழப்பு கடுமையாகிவிட்டது. தாகத்தோடு ஆவலாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று குடிக்க மறுத்து, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தால், ‘அசந்து தூங்குது’ என்று ஆறுதல் அடையாதீர்கள். ஒரு நிமிடமும் வீணாக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது.

நோய் குடலைத் தாண்டினால்

நீரிழப்பு இல்லாமலே ஆபத்து வரும் வழிகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டாவது கேள்வி: நோய் குடலோடு நிற்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா? மலத்தில் இரத்தமோ, இரத்தம் கலந்த சீதமோ வந்தால் கிருமி குடல் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை போனது என்ற கணக்கே இங்கே தேவையில்லை. ஒருமுறை பார்த்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சல் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், பேதி மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், குடிப்பது எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தியாகிக்கொண்டே இருந்தாலும் அப்படியே. வயிற்றுவலி விட்டுவிட்டு வருவது பேதியில் வழக்கம். வலி ஒரே இடத்தில் நிலைத்து, வயிறு கல்லாகி, தொட்டாலே துடிக்கிறார் என்றால் குடல்வால் அழற்சி போன்ற வேறு நோயாக இருக்கலாம். அதைக் கண்டபடி தின்றதன் விளைவு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பது நேரத்தை இழப்பதாகும்.

நரம்பைத் தொடும் அறிகுறிகள் இன்னும் அவசரமானவை. பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இமை தானாகச் சரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை போட்யூலிசம் என்னும் அரிய நஞ்சின் அடையாளங்கள். சரியாகப் பதப்படுத்தாமல் காற்றுப்புகாமல் அடைத்த உணவில் அது உருவாகும். மூச்சுத் தசைகள் செயலிழப்பதற்குள் மாற்றுமருந்து கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து கலந்த உணவு மற்றோர் ஆபத்து. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்த உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வாந்தியோடு வாயில் எச்சில் வழிவது, வியர்த்துக் கொட்டுவது, கருவிழிப் பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சுத் திணறுவது, வலிப்பு ஆகியவை வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்க நின்றுகொண்டிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழைக்க வேண்டிய நேரம் அதுதான்.

உணவின் பெயரே முடிவைத் தீர்மானிக்கும் சில விதிவிலக்குகளும் உண்டு. காட்டுக்காளான் அவற்றில் முதன்மையானது. கல்லீரலைத் தாக்கும் காளானைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் பேதியும் வந்து, ஒருநாளில் தணிந்து, சரியாகிவிட்டது போலத் தோன்றும். அந்த அமைதியான இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். எனவே பறித்த காளானைத் தின்று வாந்தி எடுத்தவர், தேறியதுபோலத் தெரிந்தாலும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பேத்தை மீனைத் தின்றபின் உதடும் நாக்கும் மரத்துப்போனாலும் அதே அவசரம்தான். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அதைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மூச்சு இரைத்தால் மட்டும் பொறுக்கக் கூடாது.

பேதி நின்ற பிறகும் சில வாரங்கள் கண் வைத்திருப்பது நல்லது. சில வகை ஈ கோலை கிருமிகளால் இரத்தபேதி வந்த குழந்தைகளில் சிலருக்கு, நோய் தொடங்கி ஏழு நாள் ஆகும் வேளையில், பேதி குறைந்துவரும்போதே சிறுநீரகம் பழுதாகலாம். முகம் வெளிறுவதும் சிறுநீர் குறைவதும் அதன் அறிகுறிகள். கேம்பிலோபாக்டர் தாக்கியவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு, சில வாரங்கள் கழித்துக் கால்களில் தொடங்கி மேலேறும் தசைத்தளர்ச்சி வரலாம். கண் மஞ்சளாவதும் விடாத காய்ச்சலும் மஞ்சள்காமாலையையோ டைபாய்டையோ காட்டலாம். மருத்துவரிடம் போகும்போது ‘மூணு வாரத்துக்கு முன்னால வயித்தால போச்சு’ என்று நினைவுபடுத்திச் சொல்வது நோயைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும்.

யாருடைய உடம்பு?

ஒரே அறிகுறிக்கு எல்லோரும் ஒரே அளவு பொறுமை காட்ட முடியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றால் மற்ற அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே பாதுகாப்பு. முதியவர்களுக்குத் தாக உணர்வு குறைந்திருக்கும். ‘ஒண்ணும் வேணாம்பா, படுத்தா சரியாகிடும்’ என்று அவர்கள் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், கையில் டம்ளரைக் கொடுத்துக் குடிக்கவைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்னும் கிருமியால் லேசான காய்ச்சல் மட்டுமே இருக்கும், கருவுக்கோ உயிராபத்து. அசுத்த நீரால் பரவும் ஈ வகை மஞ்சள்காமாலை, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் உயிருக்கே ஆபத்தானது. சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரும் முதல் நாளே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நம் வீடுகளில் மிகுதியாக இருக்கும் சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஓ.ஆர்.எஸ்.-ல குளுக்கோஸ் இருக்கு, சுகர் ஏறிடும்’ என்று பயந்து பலர் அந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைத் தொடுவதில்லை. ஒரு லிட்டர் கரைசலில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைத் தவிர்த்து நீரிழப்பில் சிக்குவது அதைவிடப் பன்மடங்கு ஆபத்து. இன்னொரு பக்கம், சில சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீர் பிரியச் செய்யும் இரத்தஅழுத்த மாத்திரைகளும் உடம்பு வற்றிய நிலையில் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யக்கூடும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தானாக முடிவெடுக்காமல், குறிப்பாக இன்சுலினைத் தானாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் அன்றே கேட்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

‘இதெல்லாம் எதற்கு? வயிறு புரட்டியதும் மருத்துவமனைக்குப் போய் ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது’ என்று கேட்பவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒருநாள் மருத்துவமனை என்பது ஒருநாள் வருமானமும் ஒரு பெருஞ்செலவும் ஆகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். லேசான, நடுத்தர நீரிழப்பில் வாயால் குடிக்கும் கரைசல் நரம்பில் ஏற்றுவதற்கு நிகரான பலனைத் தருகிறது என்பதை மருத்துவம் பல பத்தாண்டுகளாக நிறுவிவிட்டது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் இருந்த போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை மொண்டு மொண்டு கொடுத்தார்கள். 30 சதவீதம்வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் குடல் சுவர் வழியாக உடம்புக்குள் போகும்போது சோடியத்தையும் கூடவே இழுத்துச் செல்கிறது, அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் போகிறது; பேதியின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. எளிய இந்த உண்மையைத்தான் அவர் நம்பினார். 2023-இல், அவருடைய மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. வீட்டில் இருப்பவர்கள் கையால் உயிர் காக்க முடியும் என்பதற்கு அந்த முகாமைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

‘குடித்ததெல்லாம் வாந்தியாகிறதே, கரைசல் எப்படித் தங்கும்?’ என்பது நியாயமான கேள்வி. டம்ளரோடு மடமடவென்று குடித்தால் தங்காது. வாந்திக்குப் பிறகு பத்து நிமிடம் விட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று பொறுமையாகக் கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லிலிட்டர், பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லிலிட்டர், அதற்கு மேல் கேட்கும் அளவு என்பது கணக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத ஊரில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு கூடிவிடாமல் பார்ப்பது முக்கியம். பாக்கெட்டில் எழுதிய அளவைவிடக் குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பதும் கெடுதலே. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். குளிர்பானமும் டப்பாவில் வரும் இனிப்புப் பழச்சாறும் இதற்கு ஈடாகாது. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்றுவந்த நிலையில், அந்தப் பெயரை அவை பயன்படுத்தக் கூடாது என்று 2025-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதற்கும் இதுதான் அடிப்படை. மணிக்கணக்கில் கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பார்த்தும் எதுவுமே தங்கவில்லை என்றால், அப்போது ட்ரிப்ஸ் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

‘மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டா உடனே நின்னுடுமே’ என்பது அடுத்த வாதம். நிற்கும், அதுதான் சிக்கலும். லோப்பரமைடு போன்ற மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைக்கின்றன. இரத்தமோ கடும் காய்ச்சலோ இருக்கும்போது அவை கிருமியையும் நஞ்சையும் உள்ளேயே அடைத்துவைக்கும். சிறு குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக் என்பது உணவிலேயே உருவான நஞ்சுக்கோ வைரஸுக்கோ எதுவும் செய்யாது. சில ஈ கோலை வகைகளில் சிறுநீரகப் பழுதுக்கான வாய்ப்பைக் கூட்டவும் செய்யலாம். ஷிகெல்லாவுக்கும் காலராவுக்கும் அது தேவைப்படும் நேரங்கள் உண்டு, அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். குழந்தைகளின் பேதிக்கு உண்மையில் பலன் தரும் மாத்திரை துத்தநாகம்தான். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு அதில் பாதி, பத்து முதல் பதினான்கு நாள் கொடுத்தால் நோய் சுருங்கும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதும் குறையும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, பேதி வந்த இந்தியக் குழந்தைகளில் 61 சதவீதத்தினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது என்றும், துத்தநாகம் 31 சதவீதத்தினருக்கே கிடைத்தது என்றும் காட்டுகிறது. விலை மலிவான மருந்து கையெட்டும் தூரத்தில் இருந்தும் குழந்தையின் வாய்க்குப் போகாதது வேதனைக்குரியது.

‘வயித்தக் காயப்போடு’ என்ற வழக்கம் ஆழமாக வேரூன்றியது. வாந்தி தணியும்வரை சில மணி நேரம் கெட்டியான உணவைத் தவிர்ப்பதில் தவறில்லை. நாள்முழுக்கப் பட்டினி போடுவதும் தாய்ப்பாலை நிறுத்துவதும் குடல் சுவர் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அரிசிக் கஞ்சி, இட்லி, மோர்ச்சாதம், வாழைப்பழம் என்று நம் வீட்டில் இருப்பவையே போதும். உப்பிட்ட கஞ்சியும் மோரும் இளநீரும் நல்ல துணை. பேதி கடுமையாக இருக்கையில் ஓ.ஆர்.எஸ்.-ஸின் இடத்தை இளநீரால் மட்டும் நிரப்ப முடியாது, காரணம் அதில் சோடியம் குறைவு.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

போக வேண்டும் என்று முடிவானபின், கூட எடுத்துச் செல்ல வேண்டியது தகவல்கள். வாந்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, மலத்தில் இரத்தம் இருந்ததா, கடந்த மூன்று நாளில் வெளியே எங்கே சாப்பிட்டார், கூடச் சாப்பிட்ட வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா, அன்றாடம் போடும் மாத்திரைகள் என்னென்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். வழியிலும் கரைசல் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

ஒரே சாப்பாட்டால் பலர் விழுந்தால் அது தனிமனிதர் பிரச்சினையாக இருப்பதில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தொழிலாளர் விடுதி ஒன்றின் உணவால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் நிலை குறித்துச் சரியான தகவல் கிடைக்காமல் வதந்தி பரவி, தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்ய வேண்டியதாயிற்று. விடுதி, பள்ளி, கல்யாண மண்டபம் எதுவானாலும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்றால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சொல்வதும், மிச்சமிருக்கும் உணவைக் கொட்டாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் அடுத்தவர்களைக் காப்பாற்றும். உணவு நஞ்சு நேர்வுகளைத் தெரிவிக்குமாறு மருத்துவர்களைக் கோரும் அதிகாரத்தை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழங்கியிருக்கிறது. அந்த அதிகாரம் முழுமையாகப் பயன்பட்டால், முதல் ஐந்தாறு நோயாளிகளிலேயே ஒரு பெருந்துயரத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கடைகளைச் சோதிப்பது அரசின் கடமை. அதை நாம் ஓயாமல் கேட்க வேண்டும். ஆனால் எந்தச் சோதனையும் எல்லா அடுப்படியையும் எட்டாது, வீட்டுச் சாப்பாட்டிலும் நோய் வரும். ஆகவே இரண்டாவது அரணும் வேண்டும். ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். பேதிக்கு மாத்திரை கேட்டு வருகிறவரிடம் மெடிக்கல் ஷாப்காரர், இரத்தம் போகிறதா, சிறுநீர் போகிறதா என்று முதலில் கேட்கட்டும். பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, தோலைக் கிள்ளிப் பார்ப்பதையும் கரைசல் கலப்பதையும் கற்றுக்கொடுக்கட்டும். தண்ணீர் மிச்சமிருக்கிறதா, குடலைத் தாண்டிவிட்டதா, யாருடைய உடம்பு என்ற மூன்று கேள்விகளைக் கேட்க மருத்துவப் படிப்புத் தேவையில்லை. மூன்றில் ஒன்றுக்குக் கவலைதரும் விடை வந்தால்கூட, விடியட்டும் என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். மூன்றுக்கும் நல்ல விடை வந்தால், கரைசலையும் கஞ்சியையும் கொடுத்தபடி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள்.